அந்தப் பன்னிரண்டு பேர்

பச்சை டிக் விழுந்ததைப் பார்த்துச் சலூன்காரர் வாயைப் பிளந்தார்.

“இங்க வந்து பாரேன்! பேரை இன்னும் முழுசா அடிச்சு முடிக்கல. அதுக்குள்ள ‘இந்தப் பெயர் காலியாக உள்ளது’ன்னு பதில் சொல்லுது! எப்படித்தான் தெரியுதோ!”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி செல்போனை எட்டிப் பார்த்தாள். “அதிசயப்பட்டது போதும். பட்டனை அமுக்குங்க. பன்னிரண்டு இடம்தானாம்.”

நூலகத்தில் சைகை மொழி வகுப்பு, அதில் சேரத்தான் இந்தப் பதிவு. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் காது கேட்காது, ஆனால் தங்கமான பிள்ளை. போன வாரம் அவர் முடிவெட்டிக்கொள்ள வந்தபோது, சலூன்காரர் முப்பது வருஷத்தில் முதல்முறையாக வாயே திறக்காமல் ஒரு தலையை முடித்தார். ஊர்க்கதை பேசாவிட்டால் கத்திரியே ஓடாத மனிதர்! அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசத் தெரியாதவர் என்ன மாமனார்?

போன் நம்பரைப் போட்டு, ‘சலூன்காரர்’ என்ற பெயரோடு பட்டனை அமுக்கினார். திரை ஒரு கணம் மினுக்கியது. பச்சை டிக் போய்ச் சிவப்பு எழுத்து வந்தது: ‘இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.’

“இப்பத்தானே காலின்னு சொல்லுச்சு!”

“நீங்க வேடிக்கை பார்த்துட்டு இருந்தா? எவனோ முந்திக்கிட்டான். வேற பேர் போடுங்க.”

நல்லவேளை, போன் நம்பர் அப்படியே இருந்தது. பெயரை மட்டும் மாற்றி ‘கத்திரிக்கோல்’ என்றார். பச்சை. அமுக்கினார். சிவப்பு. மேலே ‘மீதமுள்ள இடங்கள்: 10’ என்று இருந்தது.

“இடம் வேற குறையுதே!” என்று அவசரமாக ‘லொடலொட’ என்று அடித்தார். அதுவும் போயிற்று.

“ஏங்க, அது நான் உங்களைத் திட்டுற பேராச்சே! அதை எவன் எடுத்தான்?”

சீப்பு, சோப்பு, கண்ணாடி, பவுடர் என்று கடையில் இருந்த சாமான் பெயரையெல்லாம் போட்டார். ஒவ்வொன்றும் பச்சையாக வந்து சிவப்பாகப் போனது. மீதி ஐந்து.

பிறகு சலூன்காரர், தன் சைக்கிளுக்கு மனசுக்குள் வைத்திருந்த செல்லப்பெயரை அடித்தார். ‘சிங்காரி.’ கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாத பெயர் அது.

பச்சை. அமுக்கினார். சிவப்பு.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

“என் மனசுல இருக்கிறதை அப்படியே யோசிக்கிற ஆளுங்க இந்த ஊர்ல இருக்காங்க! இத்தனை வருஷமா இவங்கல்லாம் யார் கடையில முடி வெட்டிக்கிட்டாங்க?”

“சிங்காரி யாருங்க?” என்றாள் மனைவி.

“சைக்கிள்.”

“இருக்கட்டும், அப்புறம் பேசிக்கிறேன். போனை இங்க கொடுங்க!”

அவள் நாலு பெயர் போட்டாள். அவளுக்கும் நாலு பச்சை, நாலு சிவப்பு. ‘இடங்கள் நிரம்பிவிட்டன’ என்று வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சலூன்காரர் நூலகத்துக்குப் போன் போட்டார். அங்கே இருந்த எழுத்தர் அம்மா எடுத்தார்.

“அம்மா, அந்தப் பன்னிரண்டு பேரும் சாதாரண ஆளுங்க இல்ல. அவங்களை ஒருதடவை கண்ணால பார்த்தாக்கூடப் போதும். ஆனா மாப்பிள்ளைகிட்ட நான் பேசியாகணும். எனக்கு நாற்காலி வேண்டாம், தரையில ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேன்.”

“பதிவுல போட்ட போன் நம்பரைச் சொல்லுங்க.”

சொன்னார். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“தரையில எதுக்குங்க? பன்னிரண்டு நாற்காலியில எதுல வேணும்னாலும் உட்காருங்க. பன்னிரண்டு பேரும் நீங்கதான்!”