கைலி கட்டிய எம்.எல்.ஏ.

எம்.எல்.ஏ. நிலவழகனின் காரை மேலக்காடுபட்டிச் சாலை பாதிச் சக்கரம் வரை சகதிக்குள் விழுங்கியிருந்தது. சாலை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஜெயித்ததும் தார் போட்டுத் தருவதாகச் சத்தியம் செய்தவர், நாலு வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

"ஏன்யா, இங்கிட்டு யாரு விடச் சொன்னது?"

"நார்த்தாமலை காதுகுத்துக்கு இதான் குறுக்கு வழிண்ணே," என்றார் டிரைவர் அடைக்கலம்.

தேர்தல் நெருங்குகிறது. இந்தக் கோலத்தை எவனாவது வீடியோ எடுத்துப் போட்டால் மறுபடி சீட் கிடையாது. நிலவழகன் கட்சிக் கொடியைக் கழற்றி டிக்கியில் போடச் சொன்னார். கரை வேட்டியை அவிழ்த்துவிட்டு, பின்சீட்டில் கிடந்த அடைக்கலத்தின் கைலியைக் கட்டிக்கொண்டார். சுவரொட்டிகளில் இருப்பது தலையில் முடி இருந்த காலத்துப் படம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சுடர்விழி என்ற பெண் டிராக்டரில் வந்து நிறுத்தினாள். பின்னாலேயே ஊரும் வந்துவிட்டது.

"யாருங்க நீங்க?"

"உர... உர ஏஜென்ட்டும்மா."

"யூரியா எப்பங்க வரும்?" என்று ஆளாளுக்கு மொய்த்துக்கொண்டார்கள்.

வாக்குறுதி கொடுத்துப் பழகிய வாய். "நாளைக்கே லோடு வந்துரும்!"

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க?"

பேச்சை மாற்றியே ஆகவேண்டும்.

"உரத்த விடுங்க. மொதல்ல ரோட்டப் பாருங்க! ஒங்க எம்.எல்.ஏ. என்னதான் கிழிக்கிறாரு?"

கூட்டம் கைதட்டியது. கைதட்டலைக் கேட்டால் அவருக்கு நிதானம் போய்விடும், அத்தனை வருஷ மேடைப் பழக்கம்.

"அந்த ஆளுக்கு வெக்கம் இருக்கா? ஓட்டுக் கேட்டு வந்தா ஊருக்குள்ளயே விடாதீங்க!"

"அண்ணே, போதும்ணே," என்று அடைக்கலம் காதைக் கடித்தார்.

"நீ சும்மா இருய்யா! அவருக்கு டெபாசிட்டே கிடைக்காமப் பண்ணுங்க!"

விசில் பறந்தது. டிராக்டர் உறுமி இழுக்க, கார் மேட்டில் ஏறியது. தப்பித்த சந்தோஷத்தில் நிலவழகனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நல்லா இரும்மா," என்று சுடர்விழியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னாள்.

"பாத்துப் போங்க எம்.எல்.ஏ. சார். ஒங்களுக்கு முந்தி இருந்தவரும் இதே சகதியில மாட்டிக்கிட்டு, கோழித் தீவன ஏஜென்ட்டுன்னாரு. இப்ப நெசமாவே அதத்தான் வித்துக்கிட்டு இருக்காரு."