வண்டிக்காரர் ஏன் வண்டியைப் பூட்டவில்லை?

நகரி,
வியாழக்கிழமை.

திருப்பதியில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் ஏகாம்பரம் அவர்களுக்கு, தங்கள் தங்கை தேவசேனாவின் கணவன் தணிகைவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நான்கு பவர்லூம்களும் நலம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஏழுமலையான் பார்த்துக்கொள்வான்.

விஷயம் என்னவென்றால், அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் உங்கள் தங்கை, பத்தாவது பாஸ் செய்தால் டீச்சராகலாம் என்று பெரியவர்களுக்கான தேர்வு எழுதக் கிளம்பிவிட்டாள். அதற்குத் திருப்பதியில் முப்பது நாள் வகுப்பு, உங்கள் வீட்டில் தங்கல். எனக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. விண்ணப்பத்தை நானே திருப்பதிக்குக் கொண்டுவந்து கொடுப்பதாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன், பத்து நாளாக பைக் கிளம்ப மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய? திங்கட்கிழமை கடைசித் தேதி. அவளுக்குப் படிப்பு ஏறாது என்று நீங்கள்தான் அண்ணனாக எடுத்துச் சொல்ல வேண்டும். போனில் பேசினால் அவள் காதில் விழும்.

காரணம் இருக்கிறது. மாதிரித் தாளில் ஒரு கதை. தன் மகளைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டிய வண்டிக்காரர், சக்கரம் சரியில்லை என்று மூன்று நாளாக வண்டியைப் பூட்டவில்லை. ஏன் என்று மூன்றே வாக்கியத்தில் எழுத வேண்டும். விடை, கதையிலிருந்து ஆதாரம், அந்த ஆதாரம் எப்படிப் பொருந்துகிறது என்ற விளக்கம். அவள், மகளை அனுப்ப மனமில்லை என்று எழுதினாள். சக்கரம் சரியில்லை என்று அந்த மனுஷனே வாயால் சொல்கிறாரே என்றேன். "சொன்னாரு. கீழ எறங்கி ஒரு தபா சக்கரத்தப் பாத்தாரா?" என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே புத்தூர் போய், ஒரு காலத்தில் மாட்டுவண்டி ஓட்டிய முனிகிருஷ்ணனிடம் கேட்டேன். "சக்கரத்தப் பாக்காம நான் இன்னா சொல்றது நைனா?" என்று அவரும் கைவிட்டார். திரும்பி வந்து ஒன்றரைப் பக்கம் எழுதி, இரண்டு விடைகளையும் அவளுடைய அங்கன்வாடி ஜமீலா டீச்சரிடம் திருத்தக் கொடுத்தேன். அவளுக்கு இரண்டுக்கு இரண்டு, எனக்குப் பூஜ்யம். வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கேள்விக்கே இத்தனை அலைச்சல் என்றால் ஐந்து பாடத்துக்கு என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள் மச்சான். முப்பது நாள் அந்த லூம் சத்தத்தில் யார் முகத்தைப் பார்த்துத் துன்னுவது என்பதெல்லாம் இதில் சேராது.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி.

தங்கள்,
தணிகைவேல்

பி.கு: அண்ணா, இவர் உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டு, கடிதத்தை என்னிடமே கொடுத்தார்.

கேள்வி: தணிகைவேல் ஏன் விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை?

விடை: என்னை அனுப்ப அவருக்கு மனமில்லை. பைக் பத்து நாளாகக் கிளம்பவில்லை என்று எழுதியவர், சாப்பிடாமல்கூட அதே பைக்கில் புத்தூர் போயிருக்கிறார். புத்தூர் வரை ஓடுகிற பைக், திருப்பதிக்கு மட்டும் ஓடாமல் போக வேறு காரணம் இல்லை.
— தேவசேனா

மச்சான், விடை சரி. நாளை காலை விண்ணப்பத்தோடு அவளைப் பைக்கிலேயே கூட்டி வருகிறேன்.