கொழும்புக்குக் கட்டின தூண்டல் நூல்

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கடைக்குப் போய் ரேடியோவுக்கு ஏரியல் கம்பி வாங்கிட்டு வாறது.

ரெண்டாம் உலகச் சண்டைக் காலம். எங்கட மாமா, அதாவது என்ட பொண்டாட்டி பூரணத்திட அப்பா, எங்கயோ பிடிச்சு ஒரு ரேடியோப் பெட்டி கொண்டு வந்திட்டாரு. ஆரையம்பதியில எங்கட தெருவுக்கு வந்த முதல் பெட்டி அது. வந்த கையோட தெரு முழுக்கச் சொல்லியும் போட்டாரு.

"பின்னேரம் வாங்க, கொழும்புச் செய்தி கேக்கலாம். எங்கட மருமகன் படிச்ச ஆள். அவரு பூட்டித் தருவாரு."

படிச்ச ஆள் நான்தான். கலியாணம் முடிச்சு பொண்டாட்டி வீட்டோட வந்து இருக்கிற மாப்பிள்ளை. மூணு நேரமும் மாமி ஆக்கிப் போடுற சோத்தத் திண்டுட்டு, அதுக்கு ஈடா நான் காட்டினது படிப்பு ஒண்டத்தான். அதுவும் பொய்யெண்டு தெரிஞ்சா மறுகா அந்த வீட்டில தலை நிமிர ஏலுமா!

ரேடியோ அலையில வருது. சத்தமும் அலைதான். பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தாங்க. ரெண்டும் அலையெண்டா ரெண்டும் ஒண்டுதானே! இவ்வளவுதான் என்ட விஞ்ஞானம்.

காத்தான்குடியில ஒரு கடையில போய் நிண்டன். அங்க அண்ணனக் காக்கா எண்டுதான் கூப்பிடுறது.

"செம்புக் கம்பி இருக்கா காக்கா?"

"இருக்கு தம்பி. எத்தின முழம்?"

அந்த நேரம் பாத்து என்ட கண் பக்கத்தில தொங்கின தூண்டல் நூலில விழுந்திச்சு. சின்னனில தீப்பெட்டியில நூல் கட்டி டெலிபோன் விளையாடினமே! எவ்வளவு தெளிவாக் கேட்டிச்சு! அப்ப கம்பி என்னத்துக்கு?

"கம்பி வேணாம் காக்கா. நூலத் தாங்க. நல்லாத் தடிச்சதாப் பாத்து."

"பெரிய மீனா தம்பி?"

"ஓம் காக்கா. கொழும்பு மீன்."

வீட்டுக்கு வந்து, வேலியில நிண்ட பூவரசில ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தக் கட்டினன். வாவிப் பக்கமா, வாய் கொழும்பப் பாத்தபடி. தகரத்திட அடியில ஓட்டை போட்டு, நூலக் கோத்து, ஜன்னலால உள்ளுக்கு விறைக்க இழுத்து, பெட்டிக்குப் பின்னால ஏரியல் பூட்டுற ஆணியில சுத்தினன்.

பூரணம் பாத்துக்கொண்டு நிண்டா.

"அப்பா கம்பியெண்டுதானே சொன்னாரு?"

"கம்பியெல்லாம் பழைய முறை புள்ள."

பின்னேரம் வீடு நிறையச் சனம். நான் பெட்டியத் திருகினன்.

ஸ்ஸ்ஸ்ஸ்!

மாமா என்னைப் பாத்தாரு. "என்ன மருமகன்?"

"சனம் கதைக்கிறதால மாமா. கொழும்பில இருந்து வாற சத்தம் மெல்லிசு. இஞ்ச இரைஞ்சா அமுங்கிப் போகும்."

மாமா எழும்பினாரு. "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது!" பக்கத்து வளவில மா இடிச்ச உலக்கைய நிப்பாட்டினாரு. சேவலக் கூடையால கவுத்தாரு. இருமின ஆள வெளிய அனுப்பினாரு.

ஸ்ஸ்ஸ்ஸ்!

நான் பூவரசிட இலை ஆடுறதப் பாத்தன். "கடல் காத்தல்லவா மாமா அடிக்குது? எதிர்க்காத்து!"

இத எல்லாரும் ஒத்துக்கொண்டாங்க. கச்சான் காத்து மேக்கால அடிச்சா வாவிக்கு அங்கால அடிக்கிற கோயில் மணி இஞ்ச கேக்கும். கொழும்பும் மேக்காலதானே! சரியெண்டு கச்சானுக்காகக் காத்துக் கிடந்தம். கடைசியா அதுவும் வந்திச்சு.

நான் இரைச்சலக் குறைச்சிட்டு, பெட்டியிட பலகையில காதை வெச்சன். ஆரோ பேசுற மாதிரி! கண்ணால தண்ணி வந்திட்டு!

"தள்ளுங்க மருமகன்!" மாமா தன்ட காதை வெச்சாரு. முகம் மலர்ந்திச்சு.

"கேக்குது! ஒரு பொம்புள பேசுறா!"

"என்ன சொல்றா?"

மாமா கையத் தூக்கி, கேட்டதக் கேட்டபடி சத்தமாச் சொன்னாரு.

"'அரிசி முடியப் போகுது.'"

சனம் பதறிப் போச்சு. "பஞ்சம் வரப்போகுதாக்கும்!"

"'அந்த மனிசன் ஒருத்தன் மட்டும் மூணு பேரிட சோறு தின்னுறான்.'"

"ஜெர்மன்காரனத்தான் சொல்றா!"

"'கம்பி வாங்கச் சொன்னா தூண்டல் நூலோட வந்து நிக்கிறான். படிச்ச மாப்பிள்ளையெண்டு இவனப் பிடிச்சுத் தந்த என்ட புருசனச் சொல்லணும்...'"

மாமாவிட குரல் இறங்கிச்சு.

எல்லாரும் நூல் போன வழியே ஜன்னலால பாத்தாங்க. பூவரசுக்குக் கீழ, தகரத்துக்குப் பக்கத்தில மாமி நிக்கிறா. வேலிக்கு அங்கால நிண்ட கண்மணி அக்காவோட கையக் கையக் காட்டிக் கதைக்கிறா.

சிரிச்ச சிரிப்பில கவுத்த சேவலும் கூவிச்சு. எனக்குப் பூமி பிளந்து விழுங்கினா நல்லமெண்டு இருந்திச்சு.

அடுத்த நாள் பூரணமே ஆளனுப்பிச் செம்புக் கம்பி எடுப்பிச்சுக் கட்டினா. சேவல் கூவுது, உலக்கை இடிக்குது, கடல் காத்து எதிர்த்து அடிக்குது. அதுக்குள்ள கொழும்பு கணீரெண்டு பேசுது! சத்தத்துக்குத்தான் காத்து வேணும், விறைச்ச நூல் வேணும், வாய மூடிக்கொண்டிருக்கச் சனம் வேணும். ரேடியோ அலைக்கு இது ஒண்டும் தேவையில்லையாம். மாமா ரெண்டு நாளா என்ட முகத்தப் பாக்கல்ல. மாமி மட்டும் சோறு போடக்குள்ள ஒரு அகப்பை கூடவே போட்டா. அதுதான் இன்னும் வெக்கம்.

நான் படிச்ச பாடம் இதுதான்: கொழும்புச் செய்திக்குக் கம்பி நல்லம், வீட்டுச் செய்திக்கு நூல மிஞ்ச ஒண்டும் இல்ல.