காத்தான் கடை வண்டி

சிங்கப்பூரில் இருக்கும் அன்பு அக்கா தமிழ்நிலாவுக்கு, கீழ்வேளூரிலிருந்து தம்பி நெடுஞ்செழியன் எழுதிக்கொண்டது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம், கடைக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்பதில்லை. கடையைப் பற்றிப் பேசினால் மட்டும் அடுத்த அறையிலிருந்தே பதில் வருகிறது. அதனால்தான் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான், வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். தாத்தா செத்த அன்று, துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அணைத்துவிட்டார்கள். சோறு கொண்டுவந்து கொடுக்க நம் தெருவில் எவர் வீட்டிலும் அரிசி இல்லை. பட்டினியாகப் படுத்த அப்பா, பிற்பாடு காத்தான் கடை என்று தன் பேரிலேயே சாப்பாட்டுக் கடை வைத்ததும், "துக்கத்துல இருக்கிறவன் பசியோட படுக்கக் கூடாதுடா" என்று, எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் ஒரு வேளைச் சோற்றைக் கடை வண்டியில் இலவசமாக அனுப்பத் தொடங்கினார். நல்ல தருமம்தான், யார் இல்லையென்றது? ஆனால் தருமம் தலைகாக்கும் என்று சொன்னவன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்க மாட்டான். இப்போது நம் வண்டி எந்தத் தெருவில் நுழைந்தாலும் "யாரு போயிட்டா?" என்று கேட்கிறார்கள். மலர்க்கொடி டீச்சர் வீட்டுக்குப் பிறந்தநாள் பிரியாணி கொண்டுபோனேன். எதிர்வீட்டுக்காரர் மாலையோடு வந்துவிட்டார், டீச்சரே வாசலுக்கு வந்து "நான் நல்லாத்தான் இருக்கேங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதுகூடப் பரவாயில்லை, இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்த பக்கிரி மாமா வீட்டு வாசலில் வண்டி பஞ்சராகி நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர் எழுந்தே வந்துவிட்டார், அக்கா! கைத்தடியால் முன் கண்ணாடியை உடைத்து, "எனக்கு இன்னும் நேரம் வரலடா! ஒங்க சோறு என் வாசப்படி ஏறக் கூடாது!" என்று கத்தினார். அன்றிலிருந்து அவர் நடமாடுகிறார், கண்ணாடிதான் போய்விட்டது. கடைசியாகக் குணசேகரன் மகள் கல்யாணச் சமையல் கைக்கு வந்தது. "சாவுச் சோறு ஆக்குற அண்டாவுலயா கல்யாணச் சாம்பார் வைப்பாங்க?" என்று பெண்ணின் அத்தை கேட்க, அதுவும் போயிற்று. சமையல் மாஸ்டர் அன்சார் வேறு இடம் பார்க்கிறார். இப்படியே போனால் தை பிறக்குமுன் கடையை மூட வேண்டியதுதான். பயமாக இருக்கிறது, அக்கா. தருமத்தை நிறுத்தலாம் என்றால், "நான் செத்த அன்னைக்கு நிறுத்திக்க" என்கிறார் அப்பா. நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் பதில் மட்டும் கடைமடை வயலுக்கு வரும் ஆற்றுத் தண்ணீராகத் தாமதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி நெடுஞ்செழியன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்குமுன் அப்பா போய்விட்டார். நீயும் வந்து அழுதுவிட்டுத் திரும்பிவிட்டாய். சட்டைப்பையில் கிடந்ததை இன்றுதான் பார்த்தேன். நீ வந்து சேர்வதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லவே அனுப்புகிறேன். வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, கடையிலும் எரியவில்லை. சாவு வீட்டுக்குக் காத்தான் கடையிலிருந்து சோறு வந்துவிடும் என்று ஊரே பழக்கத்தில் இருந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் பசியில் அழுதன. பொழுது சாயும்போது பக்கிரி மாமா கைத்தடியோடு வந்தார். பின்னால் அவர் மருமகள், இடுப்பில் சோற்றுக் குண்டானோடு. "காத்தான் வீட்டுல யாரும் பசியோட படுக்கக் கூடாதுடா, சாப்புடு" என்றார். சாம்பாரில் உப்பே இல்லை. அழுதுகொண்டே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா சொன்னபடி, அவர் செத்த அன்று ஒருநாள் நிறுத்தினேன். நேற்று மேலத்தெருவில் ஒரு சாவு; வண்டியை எடுத்துவிட்டேன்.