நொச்சி இலைக்கு வந்த சோதனை

நீல பாட்டில்காரர்களுக்கும் வீக்கம் வடிந்துவிட்டது. மதிவதனி மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். சிவப்புச் சீட்டு வாங்கிய இருபது பேருக்கும் கணுக்காலில் அரை அங்குலம் குறைந்திருந்தது. அது நியாயம். சிவப்பு பாட்டிலில் இருந்தது நொச்சி இலைச் சத்து. நீல பாட்டிலிலோ பச்சைச் சாயம் போட்ட வெறும் தேங்காய் எண்ணெய். அதைத் தடவியவர்களுக்கும் அதே அரை அங்குலம் என்றால் யாரிடம் போய் அழுவது?

ஐந்து வருஷ ஆராய்ச்சி. நொச்சியில் வீக்கத்தை வற்றவைக்கும் ஃபிளேவனாய்டு இருப்பதை ஆய்வுக்கூடத்து எலிகள் ஒப்புக்கொண்டுவிட்டன. மனிதர்களும் ஒப்புக்கொண்டால் டாக்டர் பட்டம். வீங்கிய காலுக்குத் திருவண்ணாமலையில் பஞ்சமா? பௌர்ணமிக்கு வெறுங்காலில் மலை சுற்றக் கிளம்பியவர்களில் பலர், மறுநாள் காலை அடி அண்ணாமலையில் ராணியம்மாளின் அன்னதானப் பந்தலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

யாருக்கு எந்த எண்ணெய் என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது என்பது ஆராய்ச்சி விதி. அதனால் எது மருந்து, எது வெறும் எண்ணெய் என்று விளக்கி, பாட்டில்களையும் சீட்டுகளையும் ராணியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, மதிவதனி டேப்பும் நோட்டுமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பௌர்ணமிக்கு இலையை மூன்று மடங்கு ஆக்கினாள். சிவப்புக்கு ஓர் அங்குலம் குறைந்தது. நீலத்துக்கும் ஓர் அங்குலம்.

தேங்காய் எண்ணெயிலேயே ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்தது. மூன்றாவது பௌர்ணமிக்கு நீல பாட்டிலில் ரேஷன் கடைப் பாமாயிலை ஊற்றினாள். அதற்கும் ஓர் அங்குலம். விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, ஊரில் பாதிப் பேர் முழங்காலில் பாமாயில் தடவிக்கொண்டு திரிந்தார்கள். ரிடையர்டு மணியக்காரர் அப்பாசாமி வீடு தேடி வந்து, மருந்து பாட்டில் வேண்டாம், நீல பாட்டில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தார்.

வழிகாட்டிப் பேராசிரியர் சக்கரபாணி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"ரேஷன் பாமாயிலே இதைச் செய்யும்னா நொச்சி எதுக்கும்மா? நீங்க எதுக்கு, நான் எதுக்கு?"

தலைப்பை மாற்றிக் கடற்பாசியில் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார். திருவண்ணாமலையில் கடலுக்கு எங்கே போவது என்று கேட்கக்கூட மதிவதனிக்குத் தெம்பில்லை. நொச்சிக்குப் பாமாயிலைவிடக் கூடுதலாக எந்தச் சக்தியும் இல்லை என்று தன் கையாலேயே அறிக்கை எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஐந்து வருஷமும் அந்தக் கவருக்குள் அடங்கிவிட்டது.

காலி பாட்டில்களை வாங்கிக்கொள்ள அடி அண்ணாமலைக்குப் போனபோது அழுகையை அடக்க முடியவில்லை. ராணியம்மாள் பதறிப்போய் என்ன ஏது என்று விசாரித்தாள். மதிவதனி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுக்கா அழுவுற? உன் மருந்து அருமையா கேக்குதேம்மா," என்றாள் ராணியம்மாள். "சாமிய சுத்திட்டு வந்தவங்களுக்குள்ள ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு வெறும் எண்ணெய்னு பந்தி வஞ்சனை பண்ண எனக்கு மனசு வரல, மூணு தடவையும் ரெண்டு பாட்டிலையும் ஒரே குண்டான்ல ஊத்திக் கலந்துதான் எல்லாருக்கும் குடுத்தேன்."