கழற்ற முடியாத பெல்

"எவனோ உன் தலையில நல்லாக் கட்டிட்டான்டி. பிரேக் இல்ல, பெல் இல்ல, ஒரு ஸ்டாண்டு கூட இல்ல. அதான் காலையிலயே சைக்கிள சிவசாமி கடைக்கு அனுப்பிட்டேன்" என்றாள் கமருன்னிஸா, பெருமையாக.

தஹ்மீனா வாயில் வைத்த இட்லியை விழுங்க மறந்தாள்.

"ம்மா! அது டிராக் சைக்கிள், வட்டமாச் சுத்துற பந்தயத்துக்கு மட்டும். அதுக்குப் பிரேக்கே கிடையாது!"

"அப்புறம் எப்படி நிறுத்துவ?"

"நிறுத்தறதுக்கா போறேன்? ஜெயிக்கப் போறேன்!"

போட்டி அன்று சாயங்காலம். மாநில ஜூனியர் டிராக் அணியில் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். ரோட்டுப் பந்தயத்தில் அவளிடம் ஒன்பது மெடல் இருந்தது. டிராக்கில் மட்டும் போன வருஷமும் இரண்டாவது, அதற்கு முந்தைய வருஷமும் இரண்டாவது. அடுத்த வருஷம் ஜூனியர் வயது தாண்டிவிடும். இதை விட்டால் அவ்வளவுதான்.

வலங்கைமான் கடைத்தெருவுக்கு ஓடினாள். சிவசாமி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கு மாட்ட இடமே இல்ல பாப்பா. செஞ்சவன் மறந்துட்டான் போல. ஸ்டாண்டு, கேரியரு, பெல்லு எல்லாம் போட்டாச்சு."

"எல்லாத்தையும் கழட்டுங்கண்ணே!"

ஸ்டாண்டும் கேரியரும் பத்து நிமிஷத்தில் கழன்றன. பெல் மட்டும் அசையவில்லை.

"அது வராது. திருட்டுப் பயலுக கழட்டிடக் கூடாதுன்னு நட்டைத் தட்டி நசுக்கி விட்டுட்டேன். அடிச்சா கும்பகோணத்துக்குக் கேக்கும். தொட்டுடாத, பெயிண்ட் ஈரம்!"

தஹ்மீனா ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். பெல் கழலவில்லை, லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. "நான் பாக்குறேன்" என்று சிவசாமி சுத்தியலால் ஒரு போடு போட்டார். ஹேண்டில்பார் கோணிக்கொண்டது. அதை நிமிர்த்துவதற்குள், போட்டி நடக்கும் தஞ்சாவூருக்கான பஸ் போய்விட்டது.

மனசு கேட்காமல் சிவசாமியே ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, தாயையும் மகளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் கமருன்னிஸா தன் பழைய துப்பட்டாவைக் கிழித்து, பெல் மேல் இறுக்கிக் கட்டினாள்.

"இனிமே எப்படிச் சத்தம் வரும்? பாத்துடுவோம்!"

தஞ்சாவூருக்கு வெளியே, வயலுக்கு நடுவில் ஒரு கல்லூரி. அங்கேதான் சிமெண்ட் டிராக். தலைமை நடுவர் ஹபீப் முகம்மது துணி மூட்டையைப் பார்த்து முழித்தார்.

"இது என்ன?"

"பெல் சார். கழல மாட்டேங்குது."

"கடைசிச் சுத்துக்கு நாங்கதான் மணி அடிப்போம். அதக் கேட்டுத்தான் எல்லாரும் வேகம் எடுப்பாங்க. நடுவுல உன் பெல் சத்தம் வந்துச்சுன்னா நீ வெளிய. புரியுதா?"

"புரியுது சார்."

மணிக்குப் பக்கத்தில் கல்லூரி வாட்ச்மேன் துரைராசுவை உட்கார வைத்திருந்தார்கள்.

இருபது சுற்று. தஹ்மீனா பதினெட்டு சுற்றும் மூன்றாவதாகவே ஒட்டிக்கொண்டு வந்தாள். பதினெட்டாவது சுற்று முடிந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போது துப்பட்டாத் துணி அவிழ்ந்து பறந்தது. அதே நொடி, 'டிங்!'

போச்சு! பாழாய்ப்போன பெல்!

முன்னால் போன இரண்டு பேரும் சீறிப் பாய்ந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அவளைத் தாண்டிப் பறந்தார்கள். மீதிச் சுற்றைக் காட்டும் பலகையில் '2' என்றுதான் இருந்தது. அதை அவள் மட்டும் பார்த்தாள்.

வெளியே அனுப்பினால் அனுப்பட்டும், முடிக்காமல் இறங்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் மிதித்தாள்.

அந்தச் சுற்று முடிந்ததும் மற்றவர்கள் பந்தயம் முடிந்ததாக நினைத்து மூச்சு வாங்கினார்கள். அப்போதுதான் மணி கணகணவென்று அடித்தது. தஹ்மீனா உயிரைக் கொடுத்து மிதித்தாள். ஒவ்வொருத்தராகத் தாண்டி முதலில் வந்தாள்.

"ரெண்டு தடவ பெல் கேட்டுச்சு சார்!" என்று மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"பலகையப் பாத்து ஓட்டணும், அதான் விதி. ஆனா முதல்ல அடிச்சது யாரு?" என்றார் ஹபீப் முகம்மது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் அவளுக்குத்தான். இருந்தாலும் தஹ்மீனா முன்னால் வந்தாள்.

"என் பெல்தான் சார். துணி அவுந்துடுச்சு."

"அடிப்பாவி!" என்று கமருன்னிஸா தலையில் கை வைத்தாள்.

நடுவர் பெல்லை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம்.

சிவசாமி நெளிந்தார். "அது அடிக்காதுங்க. பழைய சாமான்ல கெடந்த வெறும் மூடி. அழகுக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டுனேன்."

"கும்பகோணத்துக்குக் கேக்கும்னீங்களே!" என்று தஹ்மீனா கத்தினாள்.

எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வாட்ச்மேனைப் பார்த்தார்கள். துரைராசு கன்னத்தைச் சொறிந்துகொண்டே எழுந்து நின்றார்.

"முதல் தடவ நான் மணி அடிக்கல சார், மணி மேல உக்காந்திருந்த கொசுவத்தான் அடிச்சேன்."