மும்பைக்குப் பிடித்த புடவை

"இதுவும் வேணாம்மா. வேற காட்டு."

ஸ்வர்ணலதா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை மடித்து வைத்தாள். ஆரணி வீட்டின் முன்னறையிலிருந்து வீடியோ அழைப்பில் புடவை விற்கத் தொடங்கிய அவளுக்கு, மும்பையிலிருந்து வந்த முதல் வாடிக்கையாளர் கிருஷ்ணம்மாள். தினமும் கூப்பிடுவார். "எங்க ஊரு களம்பூர் பஸ்ல இன்னும் அரிசி மூட்டைய ஏத்திகினு வராங்களா?" என்று கேட்பார். அவள் சொல்லச் சொல்லச் சிரிப்பார். புடவை மட்டும் வாங்கியதில்லை. அவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. திரையில் எப்போதும் மின்விசிறிதான் சுற்றும்.

"நீ கினு கினுன்னு பேசினா பம்பாய்க்காரங்க எப்டி வாங்குவாங்க? டிவில நியூஸ் படிக்கிற மாதிரி பேசு" என்று கணவர் ஜெகநாதன் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"அம்மா, இச்சேலையின் கரையில் அன்னங்கள் அணிவகுத்து நிற்கின்றன."

"நல்லால்ல. வேற."

"வெளிச்சம் பத்தல" என்று ஜெகநாதன் பெரிய விளக்கைத் தூக்கிப் பிடித்தார். ஸ்வர்ணலதாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"தாமரை வண்ணத்தில் ஒளிர்கிறது, பாருங்கள்."

"ஐய. வேற."

"இங்கிலீஷ் கலந்துக்கோ" என்று கிசுகிசுத்தார் அவர்.

"மேடம், திஸ் இஸ் ப்யூர் சில்க். வெரி சாஃப்ட்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "நேத்து பேசிச்சே ஒரு பொண்ணு, அது இல்லியா?"

பதறிப்போன ஜெகநாதன் மேல்தட்டிலிருந்து இன்னொரு புடவையை உருவினார். அடுக்கு மொத்தமும் சரிந்து விழுந்தது.

"உங்களால ஒரே பேஜாரு! எல்லாம் கீழ உருண்டுகினு கீது, நீங்க லைட்ட புடிச்சுகினு நிக்கிறீங்க! ஜல்தியா வந்து தூக்குங்க!"

"ஆங்! இதான், இதான்!" கைப்பேசி துள்ளியது. "இப்ப காட்டினியே, அதையே அனுப்பு!"

ஸ்வர்ணலதா கையைப் பார்த்தாள். சரிந்ததில் அவள் தாவிப் பிடித்திருந்தது அலமாரி துடைக்கிற கந்தல் துணி.

"அம்மா, இது தூசி தட்டுற துணிம்மா!"

மின்விசிறி மறைந்து, திரையில் ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நான் மருமக. மராத்திக்காரி. அத்தைகிட்டதான் தமிழ் கத்துகினேன்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "கோச்சிக்காதீங்க. அத்தைக்குக் கண்ணு தெரியாதுக்கா. நீங்க பேசறத கேட்டுகினு இருக்கத்தான் தினமும் போன் போடச் சொல்லுது."